டிரெஸ்ஸர் வீட்டு ஒட்டுக்கன்றுகள்

சின்னவள் ஊருக்குக் கிளம்பும்போது அப்பாவிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "தொடாதீங்க." அதை வாசலில் ஒரு தடவை சொன்னாள், படியிறங்கும்போது ஒரு தடவை சொன்னாள், பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி இன்னொரு தடவையும் சொன்னாள். டிரெஸ்ஸர் ஒவ்வொரு தடவையும் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டு மாற்றும் அறையில் அவர் பார்க்கிற வேலையே பாதி தலையாட்டல்தான். தொடாதீங்க சார், இன்னிக்குப் பிரிக்காதீங்க சார், நாளைக்குப் பாத்துக்கலாம் சார் என்று வருகிறவர்கள் எல்லோரும் கெஞ்சுவார்கள். சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே பிரித்துவிடுவார். அவர்கள் வாயை மூடுவதற்குள் பழைய துணி தொட்டியில் விழுந்திருக்கும்.

அவள் தொடக் கூடாது என்று சொன்னது பால்கனியில் இருந்த கன்றுகளை. ஒரு மரத் தட்டில் வரிசையாகக் கறுப்புப் பைகள், ஒவ்வொரு பையிலும் விரல் தடிமனில் ஓர் அவகாடோக் கன்று. கன்றின் தலையை வெட்டி, தண்டை நடுவில் பிளந்து, வேறொரு உசத்தியான மரத்தின் குச்சியை ஆப்பு மாதிரிச் சீவி அதில் செருகி, மெல்லிய பிளாஸ்டிக் நாடாவால் இறுகச் சுற்றியிருந்தாள். அந்தக் குச்சிகள் துளிர்த்தால் அவளுக்கு வேலை. துளிர்க்காவிட்டால் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

இந்த இடத்துக்கு வந்து சேருவதற்குள் அந்த வீட்டில் நடந்த கூத்து கொஞ்சநஞ்சம் இல்லை. பெரியவள் நர்ஸ் படித்து வெளியூரில் வேலை பார்க்கிறாள். சின்னவளுக்கு ஆஸ்பத்திரி லேபிலேயே படிப்போடு வேலை என்று டிரெஸ்ஸர் பெரிய டாக்டரிடம் தலையைச் சொறிந்து நின்று இடம் வாங்கி வைத்திருந்தார். அவளோ தோட்டக்கலை டிப்ளமோவில் சேர்ந்துவிட்டு, சாவகாசமாக வந்து சொன்னாள். மண் அள்ளுவதற்கு ஒரு படிப்பா என்று அவர் கத்தினார். ரத்தத்தைக் குழாயில் ஊற்றுவதற்கு ஒரு படிப்பா என்று அவள் திருப்பிக் கேட்டாள். அதோடு பேச்சு நின்றது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, "உன் பொண்ணை மழைக்கு முன்னால கிளம்பச் சொல்லு" என்று அவர் மனைவியிடம் சொல்வதும், "கிளம்பிட்டேன்னு சொல்லும்மா" என்று அவள் செருப்பை மாட்டுவதும், நடுவில் அந்த மனுஷி தபால்காரி மாதிரி அல்லாடுவதுமாக இரண்டு வருஷம் ஓடியது. சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஒரு சித்தப்பா, தன் வீட்டு ரோஜாச் செடிக்கு ஜலதோஷம் என்றும் சின்னவளை அனுப்பி மாத்திரை எழுதித் தரும்படியும் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். டிரெஸ்ஸருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவளுக்கு முன்னால் அங்கே படித்து முடித்தவர்கள் போன வழிகளும் அப்படி ஒன்றும் மெச்சிக்கொள்கிற மாதிரி இல்லை. ஒருத்தி உரக் கம்பெனியில் சேர்ந்து மூட்டை விற்கக் கடை கடையாக அலைந்தாள். ஒருவன் கட்டிடக் கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து புல்தரை வரைந்தான். இன்னொருத்தி பெரிய ஆபீஸ் கட்டிடங்களில் லிஃப்டுக்குப் பக்கத்தில் இருக்கும் செடிகளுக்கு இலை துடைத்தாள். சின்னவளுக்கு இது எதுவும் வேண்டாம். ஆராய்ச்சித் தோட்டத்தில் ஒட்டுக் கட்டும் பிரிவு என்று ஒன்று இருந்தது. நல்ல ரகம் எது வந்தாலும் அங்கேதான் முதலில் ஒட்டுப் போட்டுப் பெருக்குவார்கள். அங்கே ஓர் இடம் காலியானது. அடுத்தது எப்போது காலியாகும் என்று கேட்டால், இப்போது இருக்கிறவர்களில் ஒருவர் ரிட்டயர் ஆக வேண்டும் என்று சிரித்தார்களாம்.

தேர்வை அவர்கள் ஒரு தினுசாக வைத்திருந்தார்கள். எல்லோரையும் தோட்டத்துக்கு வரவழைத்து, கண்முன்னே ஒட்டுப் போடச் செய்து, தட்டோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கையில் திறமை இருந்தால் போதாது, கன்றைக் காப்பாற்றிக் கொண்டுவரவும் தெரிய வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. தண்ணீர் யார் தெளித்தாலும் பரவாயில்லை. ஆனால் ஒட்டுப் போட்ட இடத்தில் வேறு யார் கையும் படக் கூடாது. முன்பு ஒருவன் தன் மாமாவின் நர்சரியிலிருந்து தயார்க் கன்றுகளைக் கொண்டுவந்து வைத்து மாட்டிக்கொண்டான். அதிலிருந்து, வேறு கை பட்டதாகத் தெரிந்தால் அந்த ஆளை அப்புறம் எந்தக் காலத்திலும் உள்ளே விடுவதில்லை. துளிர்க்காமல் போனால் மட்டும், அடுத்த இடம் காலியாகும்போது மறுபடி வரலாம்.

தேர்வுக்கு முன்னால் சின்னவள் வீட்டில் பழகிக்கொண்டிருந்ததை டிரெஸ்ஸர் ஒரு நாள் பார்த்துவிட்டார். குச்சியை இடது கையில் பிடித்து, கத்தியை ஒரே இழுப்பாக இழுத்தாள். வெட்டு வழவழவென்று விழுந்தது. இரண்டாவது இழுப்பு கிடையாது. இத்தனை வருஷம் சர்ஜன்களின் கையைப் பார்த்துப் பார்த்தே வாழ்ந்த மனுஷன் அசந்துபோனார். அன்று சாயந்திரம், நேராகவே, "இந்தக் கத்தியை எதுல தீட்டுற?" என்று கேட்டார். அவளும் நேராகவே பதில் சொன்னாள். மனைவிக்கு அன்றோடு தபால் வேலை போயிற்று. மறுநாள் கட்டு மாற்ற வந்த ஒவ்வொருவரிடமும், என் சின்ன பொண்ணு கை சர்ஜன் கை என்று பீற்றிக்கொண்டார்.

படிப்பு முடிவதற்குள் ஒரு பூப்பண்ணையில் போய்த் தங்கிப் பயிற்சி எடுத்தாக வேண்டும் என்று கல்லூரியில் விதி. அது சரியாக அவள் தேர்வுத் தட்டோடு வீடு வந்த சமயத்தில் வந்து தொலைத்தது. கன்றுகளை யாரிடம் விடுவது என்று அவள் யோசிக்கவே இல்லை. "அப்பா பாத்துக்குவார்" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் தினமும் விடிவதற்குள் எழுந்து தண்ணீர் தெளித்தார். வெயில் சாய்ந்து தட்டின் மேல் விழுந்தால் பழைய போர்வையை எடுத்து மறைத்துக் கட்டினார். பெற்ற பிள்ளைகளைக்கூட அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை என்று மனைவி கேலி செய்தாள். அதுவும் உண்மைதான்.

சில நாள் கழித்து, ஒரு நாடாவுக்குள் நீர் கோத்திருப்பதைப் பார்த்தார். பழுப்பாக, ஒரு சொட்டு. மறுநாள் பக்கத்துக் கன்றிலும் அப்படி. நாடா பிளாஸ்டிக், காற்றுப் போக வழியில்லை, உள்ளே வெட்டுக் காயம், அதில் நீர் வேறு. இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு அந்த ஊரில் வேறு யாருக்குத் தெரியும்? எத்தனை காலை, எத்தனை விரலை, பிரிக்காமல் விட்ட கட்டுக்குள் புழுங்கிப்போய்ப் பார்த்திருக்கிறார். அறைக்கு வந்த சிஸ்டரிடம், "கட்டுக்குள்ள நீர் கோத்தா திறந்துதானே பாக்கணும்?" என்று பொதுவாகக் கேட்டார். "இதென்ன சார், உங்களுக்குத் தெரியாததா?" என்றாள் அவள். அவள் மனுஷப் புண்ணைச் சொன்னாள். அவரும் அப்படித்தான் கேட்டார். யாரைக் குறை சொல்ல?

லீவு நாளில் வேலையை ஆரம்பித்தார். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். இடுக்கியைக் கொதிக்கும் நீரில் போட்டு எடுத்தார். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, முதல் கன்றைத் தூக்கி வைத்து, நாடாவைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தார். வெட்டின விளிம்பில் வெள்ளையாக, ஈர மாவு மாதிரி ஏதோ பொங்கிக் கிளம்பியிருந்தது. நினைத்தது சரியாகப் போயிற்று, அழுகல் பிடித்துவிட்டது என்று எண்ணினார். நல்லவேளை பார்த்தோம் என்று ஒரு நிம்மதிகூட வந்தது. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, கொஞ்சம்கூட மிச்சம் வைக்காமல், வலித்துவிடுமோ என்று பயந்த மாதிரி மெதுவாக, அந்த வெள்ளையைத் துடைத்து எடுத்தார். அதற்குக் குச்சியைக் கொஞ்சம் அசைக்க வேண்டியிருந்தது, அசைத்தார். மறுபடி பொருத்தி, காற்றுப் போகிற மாதிரி சுத்தமான வலைத்துணியால் சுற்றினார். பிறகு அடுத்த கன்று. எல்லாவற்றிலும் அதே வெள்ளை இருந்தது. ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. முடித்து நிமிர்ந்தபோது முதுகு விட்டுப்போயிற்று. ஆனால் மனசு நிறைந்திருந்தது. அவர் ஆயுசில் அவ்வளவு அழகாகக் கட்டுப் போட்டதில்லை.

மறுநாள் சாயந்திரம் சின்னவள் போன் செய்தாள். பூப்பண்ணையில் கொசுக்கடி, சாப்பாடு மோசம் என்றெல்லாம் சொல்லிவிட்டு, கன்றுகள் எப்படி இருக்கின்றன என்று கேட்டாள். பச்சையாக இருக்கின்றன என்றார். தான் செய்ததைச் சொல்லி அசத்தலாம் என்ற நினைப்பில், கொஞ்சம் சுற்றி வளைத்து ஆரம்பித்தார்.

"ஏம்மா, அந்த வெட்டின இடத்துல வெள்ளையா மாவு மாதிரி வந்தா என்ன அர்த்தம்?"

"அப்பா, வந்திருக்கா? நாடா வழியா தெரியுதா?"

"தெரியுது, தெரியுது."

"எத்தனைல?"

"எல்லாத்துலயும்தான்."

"அய்யோ அப்பா," என்றாள். "அப்ப பிடிச்சிருச்சுப்பா. அதுதாம்பா ரெண்டையும் சேர்க்குறது. நம்ம எலும்பு முறிஞ்சா சேருதே, அந்த மாதிரி. அது வந்துட்டா அப்புறம் கவலையே இல்ல. எல்லாத்துலயுமேவா? எங்க காலேஜ் மேடமுக்கே எல்லாம் பிடிக்காதுப்பா."

அவர் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டு, "அது தெரியாம யாராவது துடைச்சிட்டா?" என்று கேட்டார்.

அவள் சிரித்தாள். "யாரு போய்த் துடைப்பாங்க? துடைச்சா முடிஞ்சுது. நூல் அளவு அசைஞ்சாலே போச்சு. அம்மாகிட்ட குடுங்க, நானே சொல்றேன்."

அவர் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போய்ப் படுக்கையில் உட்கார்ந்தார். அம்மாவும் பெண்ணும் சிரிப்பதும் அழுவதுமாகப் பேசுவது கேட்டது. அவளிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவ்வளவு சந்தோஷத்தை அவர் அவள் குரலில் கேட்டே எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அதைத் தன் கையால் பிடுங்க அவருக்கு மனசு வரவில்லை. அதுவும் கோழைத்தனம்தான், வேறென்ன.

அதன் பிறகு வந்த நாட்களில் அவர் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. கொடுமை என்னவென்றால், குச்சிகள் பச்சையாகவே இருந்தன. காலையில் ஓடிப்போய்ப் பார்ப்பார், பச்சை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் பார்ப்பார், பச்சை. ஒருவேளை பிழைத்துவிட்டதோ என்று நினைப்பார், நினைத்த வேகத்தில் பயம் வரும். மறுபடி பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் இனிமேல் பிரிக்க அவருக்குத் துணிச்சல் இல்லை. தண்ணீர் தெளிப்பதைத் தவிரச் செய்வதற்கு ஒன்றும் இல்லை, தெளித்தார். புண் என்றால் மருந்து இருக்கிறது, ஊசி இருக்கிறது, மேலே அனுப்புவதற்கு டாக்டர் இருக்கிறார். இதற்கு யார் இருக்கிறார்கள்?

ஒரு நாள் வரும் வழியில் இருந்த நர்சரியில் நுழைந்து, அங்கே ஹோஸ் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றவனிடம், வேறு யாருக்கோ நடந்த கதை மாதிரி விசாரித்தார். அந்த ஆள் குழாயை மடக்கித் தண்ணீரை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"குச்சி இன்னும் பச்சையா இருக்கா?"

"நல்லாவே இருக்கு."

"அதுக்குள்ள இருக்கிற தண்ணில இருக்கும் சார். அது செத்துட்டது அதுக்கு இன்னும் தெரியல, அவ்வளவுதான்."

புதுசாகக் குச்சி வெட்டி மறுபடி ஒட்டலாமா என்று கேட்டார். மரங்கள் எல்லாம் துளிர்விட்டுவிட்டன, இனி வெட்டுகிற குச்சி ஒட்டாது, அடுத்த பருவம்தான் என்றான் அவன். அப்படியே குச்சி கிடைத்தாலும் ஒட்டுவது யார்? வேறு கை. டிரெஸ்ஸர் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தார். ஒரு செடிகூட வாங்காமல் போகிறாரே என்று அவன் நினைத்திருப்பான்.

மனைவி கண்டுபிடித்துவிட்டாள். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருப்பதைப் பார்த்து இரண்டு நாள் பொறுத்தாள், பிறகு உட்காரவைத்துக் கேட்டாள். அவர் சொன்னார். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உங்களுக்கு எதையும் சும்மா வைச்சிருக்கத் தெரியாதே" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துபோனாள். அந்த வாரம் முழுக்க இரண்டு பேரும் போன் அடித்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சின்னவள் வருவதற்குள் குச்சிகளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. முதலில் நுனி மொட்டு கறுத்தது. பிறகு தோல் சுருங்கியது.

அவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் பால்கனிக்குப் போனாள். டிரெஸ்ஸர் பின்னாலேயே போய் நின்றார். வெள்ளை வலைத்துணிக் கட்டுகள், ஒன்றுபோல, வரிசையாக இருந்தன. யார் செய்தது என்று கேட்க வேண்டிய அவசியமே அந்த வீட்டில் இல்லை. அவள் குனிந்து ஒரு கட்டைப் பிரித்தாள். குச்சி தானாகக் கழன்று அவள் கையோடு வந்தது.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தாம்மா. நீர் கோத்திருந்துச்சு. சீழ் வைச்சிடுச்சோன்னு..."

"ஸ்பிரிட் போட்டீங்களா?"

தலையாட்டினார்.

அவள் அழவில்லை. கத்தவும் இல்லை. பேச்சே இல்லாமல் கிடந்த அந்த இரண்டு வருஷம் திரும்பி வந்தால்கூடப் பரவாயில்லை என்று அவருக்குத் தோன்றியது. "நான் வந்து சொல்றேம்மா," என்றார். "நான்தான் பண்ணேன், பொண்ணு மேல தப்பே இல்லன்னு அவங்க கால்ல விழுந்தாவது சொல்றேன்."

"நீங்க சொன்னா என்னை அப்புறம் எப்பவுமே சேக்க மாட்டாங்கப்பா. வேற கை பட்டதுன்னு ஆயிடும். எனக்குக் கை வராம செத்துப்போச்சுன்னாதான் இன்னொரு தடவையாவது விடுவாங்க."

அப்புறம் உட்கார்ந்து, செத்துப்போன குச்சிகளை ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் சுற்றினாள். முதல் தடவை சுற்றியபோது எவ்வளவு சிரத்தையாகச் சுற்றியிருப்பாளோ அதே சிரத்தையோடு சுற்றினாள். அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நாடாவை எடுத்துக் கொடுக்கக்கூடக் கை போகவில்லை.

கன்றுகளைத் தோட்டத்தில் காட்ட வேண்டிய நாளில் தட்டைத் தூக்கிக்கொண்டு அவரும் போனார். அதற்கு மட்டும் விட்டாள். நீளமான கொட்டகை, நடுவில் மேசைகள். மற்றவர்கள் தட்டுகளில் அங்கங்கே செம்பழுப்பாகத் துளிர் எட்டிப் பார்த்தது. கண்காணிப்பாளர் அம்மா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு தட்டாக வந்தார். சின்னவள் தட்டுக்கு வந்ததும் நின்றார். கத்தி நுனியால் ஒரு நாடாவை விலக்கினார். இன்னொன்றை விலக்கினார். கழன்ற குச்சியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சீவினது கண்ணாடி மாதிரி இருக்கு. இப்படி ஒரு வெட்டு இன்னிக்கு வேற யாருகிட்டயும் பாக்கல," என்றார். "இது செத்திருக்கக் கூடாதே. நடுவுல பிரிச்சுப் பாத்தியா?"

"ஆமா மேடம்."

"நீயா?"

"நான்தான் மேடம். உள்ள நீர் கோத்த மாதிரி இருந்துச்சு. பயந்துட்டேன்."

"துடைச்சியா?"

"துடைச்சேன்."

சுற்றி நின்றவர்களில் யாரோ சிரிப்பை அடக்குவது டிரெஸ்ஸருக்குக் கேட்டது. கண்காணிப்பாளர் அம்மா கோபப்படவில்லை. பெருமூச்சு விட்டார். "முதல் வருஷப் பசங்ககூட இதைப் பண்ண மாட்டாங்க. கை நல்ல கைதான், ஆனா பொறுமை இல்ல. பொறுமை இல்லாதவங்களுக்கு இந்த வேலை ஆகாதும்மா. நீ பேசாம வேற பக்கம் பாரு. விற்பனைக் கவுண்டருக்கு ஆள் கேக்கறாங்க. இல்ல, லேப் கீப்னு ஏதாவது..."

டிரெஸ்ஸரின் வாய் தானாகத் திறந்தது. "மேடம்," என்றார்.

சின்னவள் சட்டென்று திரும்பினாள். "அப்பா, தண்ணி பாட்டிலை வாசல் கேட் பக்கத்துலயே வைச்சுட்டு வந்துட்டோம். போய் எடுத்துட்டு வாங்க."

பாட்டில் அவர் தோள் பையில்தான் இருந்தது. அவளுக்கும் தெரியும். அவர் அதைத் தூக்கிக்கொண்டே கேட் வரைக்கும் நடந்தார். கேட்டில் காவலாளி என்ன வேண்டும் என்று கேட்டதற்கு ஒன்றும் வேண்டாம் என்றார்.

அந்த இடத்துக்கு வேறு ஒருவனை எடுத்துக்கொண்டார்கள். சின்னவள் கடைவீதிப் பக்கம் ஒரு பெரிய கட்டிடத்தில் செடிகளைப் பார்த்துக்கொள்ளப் போகிறாள். அதில் பாதி பிளாஸ்டிக் செடி, அதற்கும் தூசி துடைக்க வேண்டுமாம். சித்தப்பாவுக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்து அவர் அதற்கும் ஒரு ஜோக் கண்டுபிடித்துவிட்டார். சின்னவள் அப்பாவிடம் ஒரு குறையும் வைக்கவில்லை. நேராகவே பேசுகிறாள், காபி கலந்து கொடுக்கிறாள், ஆஸ்பத்திரியில் யார் யார் வந்தார்கள் என்று விசாரிக்கிறாள். வேலையிலிருந்து வந்ததும் பால்கனியில் உட்கார்ந்து, எங்கிருந்தோ பொறுக்கி வந்த குச்சிகளில் ஒட்டுப் போட்டுப் பழகுகிறாள். அடுத்த இடம் என்றாவது காலியாகும் அல்லவா?

ஒரு சாயந்திரம் கத்தி வழுக்கி இடது கட்டைவிரலில் இறங்கிவிட்டது. ஆழமான வெட்டு. ரத்தம் மடியில் சொட்டியது. டிரெஸ்ஸர் ஒரே பாய்ச்சலில் உள்ளே போய், பெட்டியைத் திறந்து, பஞ்சும் துணியும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். அதற்குள் அவள் ஒட்டுக் கட்டும் நாடாவை எடுத்து விரலைச் சுற்ற ஆரம்பித்திருந்தாள்.

"இப்படிக் குடும்மா, நான் பாக்கறேன்."

"வேணாம்ப்பா. நானே சுத்திக்கறேன்," என்றாள். கோபமே இல்லாமல்தான் சொன்னாள்.

ஒற்றைக் கையாலும் பல்லாலும் நாடாவை இழுத்து, காற்றுக்கூட நுழையாதபடி இறுகச் சுற்றி முடிச்சுப் போட்டாள். உள்ளே ரத்தம் கோத்துக்கொண்டு நின்றது. பிளாஸ்டிக்குக்குள் வெட்டுக் காயம் புழுங்கும், நாளைக்கே வீங்கும், கழுவாமல் மூடியது தப்பு. அவருக்கு நன்றாகத் தெரிந்தது. பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.